உங்களுக்குத் தெரியுமா? பைலட் வாட்ச்: ஒரு பார்வையில் மணி தெரிகிறதா?

கறுப்பு டயல், தடித்த வெள்ளை எண்கள், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணம். இவ்வளவு இருந்தால் கடைக்காரர் அதை 'பைலட் வாட்ச்' என்று எடுத்து வைத்துவிடுவார். ஆயிரத்துச் சொச்சம் ரூபாயிலும் கிடைக்கிறது, பல லட்சத்திலும் கிடைக்கிறது. இதில் நல்லது எது என்று கண்டுபிடிக்க விலைச்சீட்டைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஒரு தடவை பார்த்ததுமே மணி தெரிகிறதா? இன்னொரு தடவை உற்றுப் பார்க்க வைத்தால், எந்த வேலைக்காக அந்த வாட்ச் உருவானதோ அந்த வேலையில் அது தோற்றுவிட்டது. அந்தச் சோதனையை மனத்தில் வைத்துப் பொறுக்கிய துணுக்குகள் இவை.

● விமானிக்கென்றே செய்த கைக்கடிகாரங்களில் மூத்தது 1904-இல் பாரிஸில் பிறந்தது. பிரேசிலிலிருந்து வந்து அங்கே பறந்துகொண்டிருந்த அல்பெர்த்தோ சாந்தோஸ்-துமோன், பறக்கும்போது சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்கக் கை ஒழியவில்லை என்று நண்பர் லூயி கார்த்தியேவிடம் குறைப்பட்டுக்கொண்டார். மணிக்கட்டில் கட்டும்படி ஒன்றைக் கார்த்தியே செய்து கொடுத்தார். 1911-இல் அது விற்பனைக்கும் வந்தது. 'சாந்தோஸ்' என்ற பெயரில் இன்றும் வருகிறது.

● 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவின் மணிக்கட்டில் இருந்தது ஜெனித் கைக்கடிகாரம்.

● நான்கு விநாடி பிசகினால் என்ன ஆகும்? வானத்தில் ஒரு கடல் மைல் பிசகும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கணக்குப் போட்டால் நான்கு விநாடிக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பூமத்திய ரேகை அருகே அது ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர். சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து தான் இருக்கும் இடத்தைக் கணிக்கும் வழிகாட்டி அதிகாரியின் வாட்ச் அரை நிமிடம் தப்பாக இருந்தால், விமானம் இருக்கும் இடம் வரைபடத்தில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். கீழே கடல், எரிபொருள் அளவோடு. பைலட் வாட்சில் விநாடி முள்ளுக்கு ஏன் அத்தனை மரியாதை என்பது இங்கேதான் புரியும்.

● அந்த விநாடியைச் சரிசெய்ய வழி கண்டவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பி.வி.எச். வீம்ஸ். அந்தக் காலத்து வாட்சுகளில் விநாடி முள்ளை நிறுத்தி வைத்துச் சரிசெய்வது எளிதல்ல. முள்ளை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் விநாடி வட்டத்தைத் திருப்பி வானொலியின் நேரக் குறியோடு பொருத்தினால் போதும் என்றார் வீம்ஸ். லாஞ்ஜின் நிறுவனம் அதைச் செய்தது. 1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாகப் பறந்த சார்லஸ் லிண்ட்பர்க், அந்தப் பயணத்துக்குப் பிறகு வீம்ஸிடம் வானியல் வழிகாட்டல் கற்றவர். லிண்ட்பர்க்கின் யோசனைப்படி 1931-இல் வந்த லாஞ்ஜின் வாட்சின் விட்டம் 47.5 மி.மீ.

● இன்று 'பைலட் வாட்ச்' என்றதும் நம் மனத்தில் வரும் முகம் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய விமானப் படையினுடையது. விட்டம் 55 மி.மீ. பகட்டுக்காக அப்படிச் செய்யவில்லை. தடித்த பறக்கும் கோட்டின் கைக்கு மேலே, நீளமான தோல் வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டுத் திருகு வெங்காய வடிவில் புடைத்திருந்தது கையுறை போட்ட விரல் பிடிப்பதற்காக. உள்ளே சட்டைப்பைக் கடிகாரத்தின் இயந்திரம். திருகை இழுத்தால் விநாடி முள் நிற்கும். ஏ. லாங்கே, வெம்பே, லாக்கோ, ஸ்டோவா, சுவிட்சர்லாந்தின் ஐ.டபிள்யூ.சி. என ஐந்து பேர் செய்தார்கள். செய்தவர் யாராக இருந்தாலும் முகம் ஒன்றுதான்; முகப்பில் நிறுவனப் பெயர் கிடையாது. பெயர் எழுதும் இடத்தைக்கூடக் கண்ணுக்கு விட்டுக்கொடுத்த அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இன்று அதே பாணியில் வரும் பலவற்றின் டயலில் பெயர், சின்னம், இத்தனை மீட்டர் நீர்த்தடுப்பு, ஆட்டோமேட்டிக் என்று நான்கு வரி எழுத்து இருக்கிறது. கடையில் பார்க்கும்போது அந்த வரிகளை எண்ணுங்கள்.

● அந்த ஜெர்மானிய வாட்சிலேயே இரண்டு வகை. ஏ வகையில் 1 முதல் 11 வரை மணி எண்கள் ஓரத்தில் இருக்கும். 1941-இல் வந்த பி வகையில் ஓரம் முழுவதும் 5, 10, 15 என்று 55 வரை நிமிட எண்கள். மணிக்கு உள்ளே ஒரு சின்ன வட்டம். ஏன் மாற்றினார்கள்? வழிகாட்டி அதிகாரிக்கு மணி எத்தனை என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். அவருக்கு வேண்டியது நிமிடமும் விநாடியும். பி வகை டயலை முதலில் பார்ப்பவர்கள் திணறுவது இயல்பு. ஓரிரு வாரத்தில் கண் பழகிவிடும். ஆனால் மூக்குக் கண்ணாடி போட்டுப் படிக்கும் வயதில் இருப்பவருக்குப் பரிசு வாங்குகிறீர்கள் என்றால் ஏ வகையே நல்லது. பி வகையின் உள்வட்ட எண்கள் அவரைச் சோதிக்கும்.

● முக்கோணமும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளும் அலங்காரம் அல்ல. இருட்டில் எண்கள் மங்கித் தெரியும்போது டயலில் மேல்பக்கம் எது என்று கண்ணுக்குச் சொல்ல மற்ற பதினொன்றிலிருந்து வேறுபட்ட ஒரு குறி தேவை. பன்னிரண்டு இடத்திலும் மற்ற இடங்களிலும் ஒரே மாதிரிக் கோடு போட்ட டயலை இருட்டில் தலைகீழாகப் பிடித்தால் 12 மணியை ஆறரை என்று படித்துவிடலாம்.

● தவறாகப் படிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். விமானக் கருவிகளைப் படிப்பதில் விமானிகள் செய்த 270 பிழைகளைத் திரட்டினார்கள். 'விமானியின் தவறு' என்று கோப்பை மூடிவிடுவதுதான் அதுவரை வழக்கம். அவர்களோ, தவறு செய்யத் தூண்டும்படி கருவியைச் செய்திருக்கிறோம் என்றார்கள். அதில் முக்கியக் குற்றவாளி மூன்று முள் கொண்ட உயரமானி. ஒரு முள் நூறு அடிகளுக்கு, இன்னொன்று ஆயிரங்களுக்கு, மூன்றாவது சின்ன முள் பத்தாயிரங்களுக்கு. அவசரத்தில் அந்தச் சின்ன முள் மற்றதற்குப் பின்னால் மறைந்துகொள்ளும். எச்சரிக்கை வந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கருவி விமானங்களில் இருந்தது. 1958 டிசம்பர் 24 அன்று, தெற்கு இங்கிலாந்தின் ஹர்ன் விமான நிலையம் அருகே பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் பிரிட்டானியா விமானம் சோதனைப் பறப்பின்போது தரையில் மோதியது. உயரமானியில் பத்தாயிரம் அடி தப்பாகப் படிக்கப்பட்டிருந்தது. விமானத்தில் இருந்த 12 பேரில் 9 பேர் உயிரிழந்தார்கள்.

வாட்சுக்கு வருவோம். சின்ன முள்ளும் பெரிய முள்ளும் ஒரே அகலம், ஒரே வடிவம், நீளத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் என்று இருந்தால் அதை வாங்காதீர்கள். 1:10-க்கும் 2:05-க்கும் முட்களை வைத்துப் பாருங்கள். இரண்டும் எளிதில் குழம்பும் நேரங்கள். நல்ல வாட்சில் அப்போதும் குழப்பம் வராது. சின்ன முள் அகலமாக, எண்ணைத் தொடும் தூரத்தில் நிற்கும்; பெரிய முள் நிமிடக் கோடுகளைத் தொடும்வரை நீளும். நிமிடக் கோட்டுக்கு முன்பே நின்றுவிடும் முள் மலிவு வாட்சுகளின் பொது நோய். அளவில் பெரிய பெட்டிக்குள் சின்ன வாட்சின் முட்களைப் போட்டால் இப்படித்தான் ஆகும். விலை உயர்ந்தவற்றிலும் இதைக் காணலாம்.

● 'சஃபையர் கண்ணாடி' என்று எழுதியிருந்தால் மகிழ்வோம். எளிதில் கீறல் விழாது என்பது உண்மை. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 9, வைரத்துக்கு 10. ஆனால் அதே சஃபையர் சாதாரணக் கண்ணாடியைவிட அதிகமாக ஒளியைத் திருப்பி அடிக்கும். சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. சஃபையரில் அது 8 சதவீதத்தை நெருங்குகிறது. மேல் பரப்பு, கீழ்ப் பரப்பு இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 15 சதவீதம். நம் ஊர் வெயிலில் அது போதும், டயலுக்குப் பதிலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் டியூப்லைட்டுக்குக் கீழே வாட்சைச் சாய்த்துப் பாருங்கள். குழாயின் பிம்பம் வெள்ளையாகப் பளிச்சென்று விழுந்தால் பூச்சு இல்லை. மங்கி நீலமாகவோ ஊதாவாகவோ விழுந்தால் இருக்கிறது. பூச்சு உள்பக்கம் மட்டும் இருப்பது நல்ல சமரசம், வெளிப் பூச்சில் கீறல் விழும்.

● டயலும் மினுங்கக்கூடாது. கறுப்பு என்றால் கரும்பலகைக் கறுப்பு. பளபளக்கும் கறுப்பு டயல் கடை விளக்கில் அழகாக இருக்கும், தெருவில் இறங்கியதும் உங்கள் முகத்தைக் காட்டும். மெருகேற்றிய வெள்ளி முட்களும் அப்படியே. ஒரு கோணத்தில் மின்னும், இன்னொரு கோணத்தில் கறுப்பாகி டயலோடு கலந்துபோகும்.

● இருட்டில் ஒளிரும் டயலுக்கு ஒரு காலத்தில் கொடுத்த விலை கொடூரமானது. 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் ஆரஞ்ச் நகரில் இளம் பெண்கள் ரேடியம் கலந்த சாயத்தை டயல்களில் தீட்டினார்கள். தூரிகை நுனி கூராக வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தாடை எலும்பு அரித்து, இரத்தம் குன்றி, ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். கிரேஸ் ஃபிரையர் உள்ளிட்ட ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றில் அந்த ஐவருக்கு நிலையான இடம் உண்டு. ஒவ்வொரு ஒளிரும் டயலைப் பார்க்கும்போதும் அவர்களை நினைப்பது நம் கடமை என்றே கருதுகிறேன்.

● அந்தப் பழைய ரேடியம் டயல்கள் இன்று ஒளிர்வதில்லை. அதனால் ஆபத்து போய்விட்டது என்று எண்ண வேண்டாம். தேய்ந்துபோனது ரேடியத்தோடு கலந்திருந்த துத்தநாக சல்பைடு. ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். தாத்தா காலத்து இராணுவ வாட்ச் கையில் கிடைத்தால் வீட்டில் திறக்காதீர்கள். உதிரும் தூள் மூச்சில் போகக்கூடாது. புது வாட்சைக் காட்டி 'ரேடியம் இருக்கு சார்' என்று கடைக்காரர் சொன்னால் பயம் வேண்டாம். இப்போது பூசுவது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். 1990-களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கொண்டுவந்தது. கதிரியக்கம் இல்லை, வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு இருட்டில் மெல்ல வெளிவிடும்.

● பூச்சு நல்லதா என்று பார்க்கக் கடையில் கையால் மறைத்துப் பார்ப்பது போதாது. முதல் பத்து நிமிடம் எல்லாமே பிரகாசமாகத்தான் இருக்கும். இரவு விளக்கணைத்துப் படுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வரும்போது பாருங்கள். அப்போது கைக்கெட்டும் தூரத்தில் மணி படிக்க முடிந்தால் பூச்சு தாராளமாகவும் தடிமனாகவும் போடப்பட்டிருக்கிறது. முக்குளிப்போர் வாட்சுக்கான பன்னாட்டுத் தரம் இருட்டில் 25 செ.மீ. தூரத்தில் படிக்க முடிய வேண்டும் என்கிறது. அதை நீங்களே ஸ்கேல் வைத்துச் சோதிக்கலாம். பகலில் தூய வெள்ளையாகத் தெரியும் பூச்சு பெரும்பாலும் இரவில் கொஞ்சம் சோடை. லேசாகப் பச்சை ஓடிய பூச்சுதான் அதிகம் ஒளிரும்.

● பச்சைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு வேலை செய்யும் கோல் செல்கள் நீலம் கலந்த பச்சையை, சுமார் 507 நானோமீட்டர் அலைநீளத்தை, மிகக் கூர்மையாக உணர்கின்றன. அந்தக் கோல் செல்கள் விழித்திரையின் நடு மையத்தில் இல்லை. ஆகவே இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் அது மறையும், சற்று ஓரமாகப் பார்த்தால் தெரியும். இரவுப் பறப்பில் விமானிகளுக்கு இதைப் பயிற்சியாகவே கொடுக்கிறார்கள். இன்றிரவு உங்கள் வாட்சில் சோதித்துப் பாருங்கள்.

● சிவப்பு விநாடி முள் எடுப்பாக இருக்கும். ஆனால் விமானியின் இருட்டுப் பார்வை கெடாமலிருக்க வைக்கும் சிவப்பு விளக்கில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும்.

● பெரிய வாட்ச்தான் தெளிவாகத் தெரியும் என்ற நம்பிக்கையை உடைத்தது பிரிட்டிஷ் விமானப் படைக்காக ஐ.டபிள்யூ.சி. 1948-இல் செய்த 'மார்க் 11'. விட்டம் 36 மி.மீ. மட்டுமே. 1981 வரை பணியில் இருந்தது. அந்த டயலில் ஒரு கோடு கூட வீணாக இல்லை. எண்கள் தடிப்பு, இடைவெளி தாராளம், முட்கள் வேறு வேறு வடிவம். மணிக்கட்டு மெலிந்தவர்கள் 45 மி.மீ. வாட்சைக் கட்டிக்கொண்டு அவதிப்படத் தேவையே இல்லை.

● மார்க் 11-இன் இயந்திரத்தைச் சுற்றி மெல்லிரும்பால் ஆன உள்கூடு இருந்தது. விமானக் கருவிகளின் காந்தப் புலம் மயிரிழை போன்ற சுருள்கம்பியைப் பாதிக்காமல் அது தன் வழியே காந்தத்தைக் கடத்திவிடும். இன்று நம் வீட்டிலேயே காந்தம் நிறைய: ஸ்பீக்கர், கைப்பைப் பூட்டு, டேப்லட் உறை. சாவி கொடுக்கும் வாட்சோ ஆட்டோமேட்டிக்கோ திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால், பழுது என்று முடிவுகட்டும் முன் செல்பேசியில் திசைகாட்டியைத் திறந்து வாட்சை அருகே கொண்டுபோங்கள். முள் அலைந்தால் காந்தம் ஏறியிருக்கக்கூடும். வாட்ச் கடையில் சில விநாடிகளில் இறக்கிவிடுவார்கள்.

● 1952-இல் வந்த பிரைட்லிங் நாவிடைமர், டயலைச் சுற்றி நழுவு கணிப்பான் கொண்டது. எரிபொருள், வேகம், தூரம் எல்லாம் கணக்கிடலாம். 1962 மே 24 அன்று ஸ்காட் கார்பென்டர் அதன் 24 மணி வடிவத்தைக் கட்டிக்கொண்டு விண்வெளிக்குப் போனார். போற்ற வேண்டிய கருவி. ஆனால் மணி மட்டும் பார்க்க வேண்டியவருக்கு அந்த எண் காட்டுக்குள் முள்ளைத் தேடுவது வீண் சிரமம்.

● ரோலெக்ஸ் ஜி.எம்.டி.-மாஸ்டர், பான் ஆம் விமானிகளுக்காக 1950-களின் நடுவில் பிறந்தது. இரண்டாவது ஊரின் நேரத்தை 24 மணிக்கு ஒரு சுற்று வரும் தனி முள் காட்டும். இந்திய நேரம் ஐந்தரை மணி வித்தியாசம் என்பதால், உலகப் பொது நேரத்தைப் பார்க்கும்போது நிமிட முள்ளிலும் முப்பதைக் கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கிறது.

● பைலட் வாட்சுக்கென்று ஒரு தரநிர்ணயமே உண்டு. ஆஹன் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியும் ஸின் நிறுவனமும் 2012-இல் வகுத்த விதிகளிலிருந்து, டி.ஐ.என். 8330 என்ற ஜெர்மன் தரம் 2016-இல் வந்தது. பகலிலும் இரவிலும் படிக்க முடிவது, காற்றழுத்த மாற்றத்தைத் தாங்குவது ஆகியவை அதில் அடங்கும். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்வாசிதான். விமான அறையின் அழுத்தம் சட்டென்று இறங்கினால் சரியாகப் பொருத்தாத கண்ணாடி கழன்றுவிடலாம்.

● தோற்றம் பைலட், இயந்திரம் சாதாரணம் என்பதற்கு உலகறிந்த உதாரணம் சீக்கோவின் எஸ்.என்.கே. 809. பி வகை டயல், 37 மி.மீ., படிக்க அருமை. ஆனால் அதன் 7எஸ்26 இயந்திரத்தில் திருகை இழுத்தால் விநாடி முள் நிற்காது. திருகி சாவி கொடுக்கவும் முடியாது. அன்றாடப் பயனுக்கு அது குறையே இல்லை. படிக்கத் தெளிவாக இருப்பதால் நான் அதை உயர்வாகவே மதிக்கிறேன்.

● நம் நாட்டுப் பைலட் வாட்ச் எச்.எம்.டி. பைலட். ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கியது எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிற்சாலை. மூடும் முடிவை அரசு 2016-இல் எடுத்தது. பைலட் வாட்சில் பதினேழு கல், சாவி கொடுக்கும் இயந்திரம், கறுப்பு டயலில் வெள்ளை எண்கள். அடக்கமான அளவிலும் எட்டத்திலிருந்து மணி தெரியும் டயல் அது. பழையது வாங்குபவர்கள் கவனிக்க: சந்தையில் சுற்றுவதில் மறுபூச்சு டயல்கள் ஏராளம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அசல் அச்சு கத்தி நறுக்கினாற்போல் இருக்கும். மறுபூச்சில் மை பரவி, எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக வராமல் விலகியிருக்கும். பிறகு ஆறு மணிக்கு வைத்துப் பாருங்கள், இரண்டு முட்களும் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பெட்டி பளபளவென்று இருந்து விளிம்புகள் மழுங்கியிருந்தால் பலமுறை தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். திருகை மெதுவாக இழுத்து ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் தண்டோ குழலோ தேய்ந்திருக்கிறது, விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.